திணைக்கு ஒரு பருவம்: ஓர் ஆண்டின் வாசிப்புத் திட்டம்

ஜனவரி பிறந்துவிட்டால் வாசிக்கிற கூட்டத்தில் எண்கள் பறக்க ஆரம்பித்துவிடும். இந்த ஆண்டு ஐம்பது என்பார் ஒருவர். நூறு என்பார் இன்னொருவர். முந்நூற்று அறுபத்தைந்து என்று அறிவிக்கிறவரும் உண்டு. அவர் எப்போது சாப்பிடுவார், எப்போது தூங்குவார் என்று யாரும் கேட்பதில்லை. வாசகர்களுக்கான குட்ரீட்ஸ் தளம் 2011-இல் தன் வாசிப்புச் சவாலைத் தொடங்கியதிலிருந்து இந்த வழக்கம் நன்றாகப் பரவிவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். புத்தகங்களை முடிக்க முடிக்க ஒரு பட்டை நீளும். சுணங்கினால், இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அதுவே குத்திக்காட்டும்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிப்பட்டு வராது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள். 2014-இல் தொடங்கி 2020 வரை எழுதப்பட்டது. அதில் ஒரு நாவலும் ஒன்றுதான், வாடிவாசலும் ஒன்றுதான். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களை ஒன்றாக எண்ணுவதா ஐந்தாக எண்ணுவதா என்று சண்டையே நடக்கும். டிசம்பர் வந்ததும் ஆளாளுக்கு ஒல்லியான கவிதைத் தொகுப்புகளைத் தேடி ஓடுவதற்கும் இதுதான் காரணம். அந்த வகையில் கவிதைக்கு ஏதோ நல்லது நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எண் வேண்டாம் என்றவர்கள் அடுத்துக் கண்டுபிடித்தது தலைப்புச் சவால். பாப்சுகர் தளமும் புக் ரயட் தளமும் 2015-இல் இதைப் பெரிய அளவில் தொடங்கின. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கும். அதற்குப் பொருந்தும் புத்தகத்தை நாமே தேடிப் படிக்க வேண்டும். பாப்சுகரின் முதல் பட்டியலில் ஒற்றைச் சொல் தலைப்புள்ள புத்தகம், தலைப்பில் எண் உள்ள புத்தகம், தலைப்பில் நிறம் உள்ள புத்தகம் என்றெல்லாம் இருந்தன. ஒற்றைச் சொல் தலைப்பு தமிழில் சவாலே இல்லை. கொற்கை, சூல், வெக்கை, சஞ்சாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். எண் வேண்டுமென்றால் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' இருக்கிறது. ஆனால் 1948-ஐ ஒட்டிய செகந்திராபாத்தில் ஒரு பையன் கண்ணெதிரே ஒரு சமஸ்தானம் சரிவதை எழுதிய நாவலை, தலைப்பில் பதினெட்டு இருக்கிறது என்பதற்காகக் கையில் எடுப்பதா? எடுத்தாலும் நல்ல புத்தகம் நல்ல புத்தகம்தான். ஆனால் அடுத்த கட்டத்துக்கு எடுக்கும் புத்தகத்துக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: உங்கள் அம்மாவுக்குப் பிடித்த புத்தகம். அதை நிரப்ப அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும். நம் வீடுகளில் அம்மாக்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள், பைண்டு செய்த தொடர்கதை ஒன்று பரணிலிருந்து இறங்கி வரும்.

தலைப்புச் சவால் உருப்படியாக நடந்ததற்கு என் கணக்கில் நல்ல உதாரணம் ஆன் மார்கன். லண்டனில் இருக்கும் இந்த எழுத்தாளர், தன் அலமாரி முழுக்க பிரிட்டிஷ், அமெரிக்கப் புத்தகங்களாகவே இருப்பதைப் பார்த்துவிட்டு 2012-இல் நாட்டுக்கு ஒரு புத்தகம் படிப்பதென்று இறங்கினார். கிட்டத்தட்ட இருநூறு நாடுகள். சில நாடுகளின் இலக்கியம் ஆங்கிலத்தில் வந்ததே இல்லை என்பது தேடப் போனபோதுதான் தெரிந்தது. சாவோ தோமே பிரின்சிபி என்ற குட்டித் தீவு நாட்டுக்குப் புத்தகம் கிடைக்காமல், தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு கதைத் தொகுப்பைப் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து அவருக்காகவே மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். இந்தத் தலைப்பில் ஒரு கேள்வி இருந்தது: நான் எதையெல்லாம் படிக்காமல் விட்டிருக்கிறேன், ஏன்? நிறமும் எண்ணும் அப்படி எதையும் கேட்பதில்லை.

தமிழுக்கு அப்படி என்ன தலைப்பு எடுக்கலாம் என்று யோசித்தால் எல்லாருக்கும் முதலில் வருவது சாகித்திய அகாதெமி பட்டியல். 1955-இல் ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டே வரலாமே என்று தோன்றும். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. தி. ஜானகிராமனுக்கு விருது 'சக்தி வைத்திய'த்துக்கு, மோகமுள்ளுக்கு அல்ல. அசோகமித்திரனுக்கு 'அப்பாவின் சிநேகித'ருக்கு. சுந்தர ராமசாமிக்குக் கிடைக்கவே இல்லை. புதுமைப்பித்தன் 1948-லேயே போய்விட்டார். இந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் விருதுக்குழுக்களின் வரலாறு நன்றாகத் தெரியவரும். அதுவும் தெரிய வேண்டியதுதான், ஆனால் ஒரு வருடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

வேறொரு தலைப்பு, பட்டியல் போட்டே தொகுத்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து கிடைத்தது. அகநானூறு. மதுரை உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மர் இதைத் தொகுத்தபோது நானூறு பாட்டுக்கும் எண் கொடுத்த விதத்தைப் பாருங்கள். ஒற்றைப்படை எண்ணில் வருவதெல்லாம் பாலை. இரண்டு, எட்டில் முடிந்தால் குறிஞ்சி. நான்கில் முடிந்தால் முல்லை, ஆறில் முடிந்தால் மருதம், பத்து இருபது என்று சுழியத்தில் முடிந்தால் நெய்தல். எண்ணைச் சொன்னால் போதும், பாட்டைப் பார்க்காமலேயே நிலத்தைச் சொல்லிவிடலாம். 140-ஆம் பாட்டா, கடற்கரை. 243-ஆ, பாலைவழி. ஒருவர் நானூறு பாட்டையும் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் போட்டிருக்கிறார். கட்டம் போட்டு வாசிப்பதெல்லாம் நமக்குப் புதிதா என்ன?

சரி, தலைப்பு ஐந்திணை. தொல்காப்பியம் அதோடு நிற்காமல் காலண்டரையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். முல்லைக்குக் கார்காலம். பாலைக்கு வேனில், கூடவே பின்பனி. மருதத்துக்கும் நெய்தலுக்கும் தனிப் பருவம் சொல்லாததால் அவற்றை ஆண்டு முழுதுக்கும் உரியவையாகக் கொள்வது வழக்கம். அதாவது நம் வசதிக்கு எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பருவம் ஒன்றுக்கு இரண்டு மாதம், ஆறு பருவம், பன்னிரண்டு மாதம்.

சிறுபொழுதும், அதாவது நாளில் எந்த நேரம் என்பதும், இருக்கிறது, அதைக் கடைப்பிடிக்க முயல வேண்டாம். மருதத்துக்கு உரியது வைகறை. அந்த நேரத்தில் என் கையில் இட்லித் தட்டுதான் இருக்கும். நெய்தலுக்குப் பொழுது சாயும் நேரம் என்பது மட்டும் ஒத்துவருகிறது. வேலை முடிந்து மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அப்போது படிக்கலாம்.

ஆண்டு முழுக்கக் கூட வருவதற்கு ஐங்குறுநூறு. இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைக்காது. திணைக்கு நூறாக ஐந்நூறு குறும்பாட்டுகள். ஒவ்வொரு திணையையும் ஒரே புலவர் பாடியிருக்கிறார். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும்: எருமைப் பத்து, களவன் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து, குரக்குப் பத்து என்று. களவன் என்றால் நண்டு. ஆக மொத்தம் ஐம்பது பத்துகள். வாரம் ஒரு பத்து வைத்தால் ஐம்பது வாரம், ஆண்டில் இரண்டு வாரம் மிச்சம். பாட்டு மூன்றடியிலிருந்து ஆறடிக்குள் முடிந்துவிடும், எனவே வாரத்துக்குப் பத்து என்பது யாருக்கும் பாரமாகாது. உ.வே. சாமிநாதையர் 1903-இல் பதிப்பித்த இந்த நூல் இன்று உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதோடு திணைக்கு ஒரு பெரிய நாவல், ஒரு சிறிய நாவல், முடிந்தால் ஒரு மொழிபெயர்ப்பு. அவ்வளவுதான் திட்டம். இனி ஒவ்வொரு பருவமாகச் சொல்கிறேன்.

மார்கழி, தை இரண்டும் முன்பனி, குறிஞ்சிக்கு உரியவை. நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும் காலமும் இதுதான், எனவே முதல் பருவத்துக்கான புத்தகங்களை அங்கேயே பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கிவிட்டேன். பெரிய நாவல் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. நீலகிரியின் படகர் சமூகத்துக் குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் கதை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதைக் கொண்டு காலத்தை எண்ணுகிற மனிதர்கள், உருளைக்கிழங்கும் தேயிலையும் பணமும் மலையேறி வந்ததும் என்ன ஆகிறார்கள் என்பதைச் சொல்வது. கடைசியாக நீலகிரி நீலமாகப் பூத்தது 2018-இல். அடுத்து 2030.

கூடவே 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை செய்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' படம் இதிலிருந்து வந்ததுதான். சம்பளமும் கம்பளியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னதை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறுகிற ஓர் இளம் தம்பதி. ஏறியபின் இறங்க விடாத கடன்.

இந்த நாவலைப் படிக்கிற அதே வாரத்தில் கபிலரின் 'அன்னாய் வாழிப் பத்'தும் வருகிற மாதிரி நாள் குறித்துக்கொண்டேன். அதில் ஒரு பாட்டு. மணமாகிப் போய்த் திரும்பி வந்த பெண் தன் தோழியிடம் சொல்கிறாள்: அவர் ஊரில் இலைதழை மூடிய கிணறு ஒன்று இருக்கிறது, அதன் அடியில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் தண்ணீர், அது நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட எனக்கு இனிக்கிறது. மலைநாட்டுத் தண்ணீர் அவளுக்கு அப்படி. டேனியலின் மலைநாட்டிலோ கூலிகள் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். இரண்டும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலை. பாட்டை மட்டும் படித்தால் சொக்கிப் போவோம், நாவலை மட்டும் படித்தால் நொந்து போவோம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, தலைவனும் தலைவியும் திரிந்த இடம் எஸ்டேட் ஆனதற்கு நடுவில் யார் யார் கை மாறியது என்று கேட்கத் தோன்றும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் கேள்வி இலங்கை மலையகம் வரைக்கும் நீளும்.

மாசி, பங்குனி இரண்டும் பின்பனி. தொல்காப்பியர் இதைப் பாலைக்கும் கொடுக்கிறார். அப்படியே விட்டால் பாலை ஆண்டில் பாதியைப் பிடித்துக்கொள்ளும், எனவே இங்கே நெய்தலை நுழைத்துவிட்டேன். இந்தத் திணைக்குத் தமிழ் நாவல்களில் பஞ்சமே இல்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை'. மொழிபெயர்ப்புக்குத் தகழியின் 'செம்மீன்', சுந்தர ராமசாமியின் தமிழில். இத்தனையும் இரண்டு மாதத்தில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். 'ஆழி சூழ் உலகு' ஒன்றுக்கே ஒரு மாதம் வேண்டும். வட்டார வழக்கு முதல் ஐம்பது பக்கத்துக்கு மல்லுக்கட்டும். கட்டுமரத்தின் உறுப்புகள், காற்றின் வகைகள், மீன்களின் பெயர்கள் என எல்லாம் விளக்கமில்லாமல் வந்து விழும். அகராதியைத் தேடிக்கொண்டிருக்காமல் போய்க்கொண்டே இருந்தால் நூறாவது பக்கத்தில் நாமே கடலில் இருப்போம்.

ஆனால் நெய்தலில் எனக்கு முக்கியம் 'கரிப்பு மணிகள்'. இதுவும் ராஜம் கிருஷ்ணன்தான். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. நெய்தல் என்றதும் நமக்கு மீன்தான் நினைவுக்கு வருகிறது, உப்பு வருவதில்லை. சங்கப் பாட்டுக்கு உப்பு நன்றாகவே தெரியும். மேலே சொன்ன அந்த அகநானூறு 140-ஆம் பாட்டு அம்மூவனார் பாடியது. பரதவர் உழாமலே விளைவிக்கிற வெள்ளுப்பு, அதை வண்டியில் ஏற்றிக் குன்றுகளைத் தாண்டிப் போகிற உமணர், அந்த உமணர் வீட்டுப் பெண் கைவளை ஒலிக்கத் தெருவில் நெல்லுக்குச் சரி உப்பு என்று கூவி விற்பது, அவளைப் பார்த்து ஒருவன் கிறங்கி நிற்பது. அழகான பாட்டு. ராஜம் கிருஷ்ணனின் உப்பளத்தில் யாரும் கிறங்கி நிற்பதில்லை. வெயிலும் வெண்மையும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்க, உப்பு நீர் காலை அரிக்க, கண்ட்ராக்டரிடமும் கங்காணியிடமும் பெண்கள் படுகிற பாடுதான் கதை. உழாமல் விளைகிறது என்று புலவர் சொன்னாரே தவிர, உழைக்காமல் விளைகிறது என்று சொல்லவில்லை.

ராஜம் கிருஷ்ணனை இத்தனை முறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் பெயரே வந்து நின்றது. குறிஞ்சிக்குக் 'குறிஞ்சித் தேன்'. நெய்தலுக்குக் 'கரிப்பு மணிகள்', மீனவர்களைப் பற்றிய 'அலைவாய்க்கரையில்'. மருதத்துக்குத் தஞ்சை விவசாயத் தொழிலாளர்களைப் பற்றிய 'சேற்றில் மனிதர்கள்', மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்'. பாலைக்குக்கூட ஒன்று இருக்கிறது: சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய 'முள்ளும் மலர்ந்தது'. சங்கப் பாலையில் வழிப்பறி செய்கிற ஆறலை கள்வர் இல்லாமல் ஒரு பயணமும் இல்லை. அவர்களின் நவீன வாரிசுகளைத் தேடிச் சம்பல் வரைக்கும் ஒரு தமிழ் எழுத்தாளர் போயிருக்கிறார். 1925-இல் முசிறியில் பிறந்து, பள்ளிப் படிப்பையும் முடிக்க வாய்க்காதவர். கணவருக்கு மின்துறையில் வேலை, அதனால் ஊர் ஊராகப் போய் வாழ்ந்தார். நாவல் எழுதுவதற்கு முன் அந்த மக்களோடு போய் இருந்து, கேட்டு, குறிப்பெடுத்து எழுதுவதுதான் அவர் வழி. சில நாவல்களில் குறிப்பேட்டு வாசம் அடிக்கும், கதை ஒதுங்கி நின்று தகவலுக்கு வழிவிடும், அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் திணை என்ற கேள்வியோடு போனால் இவரைத் தாண்டிப் போக முடியாது. முல்லைக்கு மட்டும்தான் அவருடைய எழுத்தில் பொருந்துகிற ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

2009-இல் அவர் இருக்கும்போதே அவருடைய படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால் பல நாவல்கள் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் முதலில் தேடிப் பாருங்கள். ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே ஒரு தளம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க முடியாததால் திட்டம் நின்றுபோயிற்று என்று சொல்ல இங்கே வழியில்லை.

சித்திரை, வைகாசி. கத்திரி வெயில். பாலையை வேறு எப்போது படிப்பது? பூமணியின் 'வெக்கை'யைக் கரண்ட் போன மதியத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். கொலை செய்துவிட்டு ஓடுகிற பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், கூடவே அவன் அப்பா. காடு, பாறை, கிணறு, பசி. 'அசுரன்' பார்த்துவிட்டேனே, இதைப் படிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: படத்தில் சத்தம் அதிகம், நாவலில் அப்பனும் மகனும் என்ன சாப்பிடுவது என்று பேசிக்கொள்வதுதான் அதிகம்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். திணையின் உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய காதல் நிலை, பிரிவு. பொருள் தேடியோ போருக்கோ ஒருவர் கிளம்பிப் போகிறார், இன்னொருவர் வீட்டில் இருக்கிறார். அப்படிப் பார்த்தால் மலேயா, சுமத்ரா என்று அலைகிற ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பாலை. பிரான்சில் அகதி விண்ணப்பத்தோடு நிற்கிற ஷோபாசக்தியின் 'கொரில்லா' பாலை. மலையாளத்திலிருந்து வந்த பென்யாமினின் 'ஆடு ஜீவித'த்தில் மணலே இருக்கிறது. உருத்திரசன்மர் நானூறில் இருநூறைப் பாலைக்குக் கொடுத்தது ஏனென்று எனக்கு முன்பெல்லாம் புரிந்ததில்லை. விமான நிலையத்தில் வழியனுப்ப வந்து நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், இன்றைக்கு அவர் தொகுத்திருந்தாலும் கணக்கு மாறியிருக்காது என்றுதான் படுகிறது.

மருதத்துக்கு எந்த மாதம் என்பதை முடிவு செய்தது நான் இல்லை, என் மாமனார். திருவாரூர்ப் பக்கம். சென்னை வந்து பல காலம் ஆனாலும் பேச்சில் வயல்தான். சாப்பாட்டு மேசையில் என் நோட்டு விரித்துக் கிடந்ததைப் பார்த்தார். இடப்பக்கம் தமிழ் மாதங்கள், நடுவில் திணை, வலப்பக்கம் புத்தகம். அறுவடை முடிகிற காலம் என்று மருதத்தை மாசியில்தான் முதலில் எழுதியிருந்தேன்.

"ஏம்மா, மாசியில வயல்ல என்ன இருக்கும்? உளுந்தும் பயறும்தான். மருதம்னா தண்ணி வேணாமா?"

"அப்ப எந்த மாசம் மாமா போடறது?"

"ஜூன் பன்னண்டு மேட்டூர் தொறக்கறதுதான் கணக்கு. தண்ணி கடைமடைக்கு வந்து, நாத்து விட்டு, ஆடிப்பெருக்கு கழிஞ்சு... ஆனி ஆடில போடு."

போட்டுவிட்டேன். மேட்டூர் 1934-இல் வந்தது, தொல்காப்பியருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் மாமா சொன்ன நியாயம் நியாயம்தான். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' எப்படியும் உண்டு. மருதத்தின் உரிப்பொருளான ஊடலுக்கு அவரைவிட்டால் யார்? அத்தோடு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. அந்த நாவல் கீழ்வெண்மணியைக் கையாண்ட விதம் பற்றி வந்த விமர்சனங்களையும் தேடிப் படிக்க வேண்டும். வர்க்கப் பிரச்சினையை ஒரு மிராசுதாரின் ஆண்மைக் குறைபாடாகச் சுருக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. அதற்குப் பக்கத்தில் 'சேற்றில் மனிதர்க'ளை வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

ஆவணி, புரட்டாசி கார்காலம். முல்லை. இங்கேதான் திட்டம் கொஞ்சம் தடுமாறுகிறது. காடும் மேய்ச்சலும் எழுத்தில் குறைவு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகம், அதைவிட்டால் கி. ராஜநாராயணனின் குறுநாவல் 'கிடை'. வாடிவாசலை முல்லையில் சேர்த்ததற்குக் கலித்தொகையே சாட்சி. ஏறு தழுவுகிற ஆயர்கள் முல்லைக்கலியில்தான் வருகிறார்கள். ஆனால் முல்லையின் உரிப்பொருள் இருத்தல். மழைக்குள் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவனுக்காகப் பொறுத்திருப்பது. பேயனார் பாட்டில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு படுத்திருப்பதை, குட்டியை நடுவில் விட்ட மான்கள் போல என்று செவிலி வந்து சொல்வாள். வீட்டுக்குள் இவ்வளவு நிம்மதியான காட்சி நவீன நாவலில் எங்கே இருக்கிறது? நிம்மதியை எழுத நம் நாவலாசிரியர்களுக்குக் கை வருவதில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். புரட்டாசிக்கு இன்னும் ஓர் இடம் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

கரிசல் எந்தத் திணை என்று கேட்காதீர்கள். கி.ரா., பூமணி, சோ. தர்மன் என்று இத்தனை பேர் எழுதிக் குவித்த நிலம் ஐந்தில் எதிலும் முழுசாக உட்காரவில்லை. நகரமும் அப்படித்தான். அசோகமித்திரனின் 'தண்ணீர்' எந்த நிலம்? குழாயடியா? தேடிக்கொண்டே போனால் தொல்காப்பியர் ஏழு திணை சொல்லியிருப்பது நினைவுக்கு வரும். முதலில் கைக்கிளை, கடைசியில் பெருந்திணை. ஒருதலைக் காதலும் பொருந்தாக் காதலும். இரண்டுக்கும் நிலம் கிடையாது. வாடகை வீட்டில் இருக்கிற நகரவாசிக்கு இதைவிடச் சரியான திணை ஏது? ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்தையும் இந்த நிலமற்றவர்களுக்கு ஒதுக்கிவிட்டேன். கூதிர் குறிஞ்சிக்கு உரியதுதான், ஆனால் குறிஞ்சிக்கு ஏற்கெனவே ஒரு பருவம் கொடுத்தாயிற்று. 'தண்ணீ'ரும் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளும் அங்கே போகின்றன. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் படிப்பதில் ஒரு குரூரமான பொருத்தமும் இருக்கிறது. அந்தப் பருவத்தில், அதற்கு முந்தைய பருவங்களில் முடிக்காமல் விட்டவற்றையும் படிக்கலாம். பிடிக்காத புத்தகத்தை அறுபது பக்கத்தோடு மூடி வைக்கவும் எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். கபிலரும் அம்மூவனாரும் மட்டும் இந்த அனுமதிக்கு வெளியே.

இந்த ஆண்டு மொத்தம் எத்தனை புத்தகம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. யாராவது நீங்கள் எத்தனை என்று கேட்டால், மாசி வரைக்கும் குறிஞ்சி என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். இப்போதைக்கு ஒரே சிக்கல், 'சேற்றில் மனிதர்க'ளை மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பென்சிலோடு படிக்கிறார். நடவு பற்றி எழுதியிருப்பதில் எது சரி, எது தப்பு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வருகிறார் போலிருக்கிறது. ஆனி பிறப்பதற்குள் திருப்பிக் கொடுத்தால் சரி.